பிரபாவதியின் ஃபோல்டர்

திங்கட்கிழமை காலை, தாழம்பூ பார்டர் ஒன்றை வரைந்து முடித்துப் பிரபாவதி சேமிக்கப் போனபோது, இங்கே எழுத உங்களுக்கு அனுமதி இல்லை என்று கணினி சொன்னது. பதினொரு வருடமாக அதே ஃபோல்டரில்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். கை தவறியிருக்கும் என்று மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே பதில்.

தாராவியில் அவர்கள் வீடு ஒன்றின்மேல் ஒன்றாக, ஏணி வைத்து ஏறும் மூன்று அறை. கீழே எம்பிராய்டரி மெஷின், நடுவில் சமையலும் படுக்கையும், உச்சியில் தகரத்துக்கு அடியில் பிரபாவதியின் கணினி. அவள் வரைந்ததைக் கீழே மெஷின் தைக்கும். நடு அறை அலமாரியில் ஒரு ஹார்ட் டிஸ்க் பெட்டி இருந்தது. வீட்டிலிருந்த மூன்று கணினிகளுக்கும் அது பொது. மேலே வரைவது அதன் வழியாகத்தான் கீழே இறங்கும். தொழில் தம்பி ராஜகுமாரின் பெயரில் இருந்தது. பெட்டியை வாங்கி வந்து ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான்.

அவனிடம் போய்ச் சொன்னாள். டிஸ்க் பழசாகிவிட்டது, அடுத்த வாரம் மாற்றலாம், அதுவரை கொஞ்சம் ஓய்வாக இரு என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். நூல் மாட்டிக்கொண்டிருக்கிறான், அதனால்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் வரை அவளால் காத்திருக்க முடியாது. அணுசக்தி நகரில் நடனம் கற்றுக்கொடுக்கும் ஓர் அம்மாள் பன்னிரண்டு பாவாடைகளுக்கு விளிம்பு வேலை கேட்டிருந்தார். அந்த ஆர்டர் பிரபாவதியைத் தேடி, அவள் பெயருக்கே வந்தது. நாற்பத்தொரு வயதில் அதுதான் முதல் தடவை. மெஷின் சும்மா கிடக்கும் ஞாயிற்றுக்கிழமை தைத்துக்கொள்கிறேன் என்று தம்பியிடம் கேட்டபோது அவனும் தலையாட்டியிருந்தான்.

செவ்வாய் முழுக்க அவளே பழுது தேடினாள். ரௌட்டரை அணைத்துப் போட்டாள். டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள், பாதிக்குமேல் காலி. பழைய டிசைன்கள் எல்லாம் ஒழுங்காகத் திறந்தன, எழுதத்தான் முடியவில்லை. வயரில் கோளாறோ என்று பக்கத்துக் கடையில் புது வயர் வாங்கி, ஏணியில் ஒரு கையால் தொங்கியபடி மாட்டினாள். தலையெல்லாம் ஒட்டடை. அப்போது அவளைக் கடந்து இறங்கிய ராஜகுமார், பார்த்து மாட்டு, ஷாக் அடித்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

புதன்கிழமை தம்பி மனைவி பிரேமலதா தன் லேப்டாப்பிலிருந்து ஏதோ ஒரு பள்ளிப் படிவத்தை அதே டிஸ்கில் போட்டாள். சட்டென்று போய் உட்கார்ந்தது. பிரபாவதிக்கு மனதில் ஏதோ தட்டியது. பிரேமலதாவை மேலே கூட்டிவந்து, தன் கணினியிலேயே அவள் பெயரில் நுழையச் சொன்னாள். தாழம்பூ பார்டரைச் சேமிக்க அழுத்தினார்கள். பிரபாவதியின் ஃபோல்டரிலேயே போய் உட்கார்ந்தது.

ஆக டிஸ்கில் பழுதில்லை, வயரில் பழுதில்லை, கணினியிலும் பழுதில்லை. மிச்சம் இருந்தது பெயர் மட்டும்தான்.

“எம் பேர்லயே வரைஞ்சு போட்டுருங்க மதினி. வேலை நடந்தா போதும்லா?” என்றாள் பிரேமலதா.

“போதாது” என்றாள் பிரபாவதி.

பெட்டியை விற்ற குர்லாக் கடை ஷாகிருக்குப் போன் போட்டாள். மேலப்பாளையத்துப் பையன், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். ஃபோல்டரின் மேல் மவுஸின் வலது பொத்தானைத் தட்டி, பாதுகாப்பு என்ற பகுதிக்குப் போகச் சொன்னான். வீட்டார் பெயர்கள் வரிசையாக வந்தன. பிரபா என்ற பெயருக்கு நேரே, எழுதுவதை மறு என்ற கட்டத்தில் ஒரு டிக் விழுந்திருந்தது.

“பெட்டி தானா டிக் போடாதுக்கா. யாரோ ஒக்காந்து போட்டுருக்காங்க” என்றான் ஷாகிர். யாருக்கு என்ன அனுமதி என்று முடிவு செய்யும் பெரிய பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டான். தம்பியிடம் என்றாள். அவனும் விஷயத்தைப் புரிந்துகொண்டு, ஃபோல்டரை உண்டாக்கியது நீங்கள்தானே, சொந்தக்காரர் என்று உங்கள் பெயர்தான் இருக்கும், அந்த டிக்கை நீங்களே எடுத்துவிடலாம் என்றான்.

டிக் போட்டதுகூட அவளை அவ்வளவு சுடவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டு தொங்கியவளிடம் ஷாக் அடிக்கும் என்றானே, அதுதான் சுட்டது. அவள் கீழே இறங்கினாள். மெஷினின் சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்தினாள். ஓட்டிக்கொண்டிருந்த ஹமீது பாய் விலகி நின்றார்.

“டிஸ்க்குக்கு ஒண்ணும் இல்ல. எம் பேருக்குத்தான் பூட்டுப் போட்டுருக்க” என்றாள்.

ராஜகுமார் ஹமீதைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். பிறகு தாழ்ந்த குரலில், “இன்னைக்குப் பன்னெண்டு பாவாடை. நாளைக்கு நம்ம பார்ட்டி பூராவும் ஒன்னத் தேடி வருவான். வெறும் மெஷின வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?” என்றான்.

“அத எங்கிட்ட கேட்டிருந்தா பதில் சொல்லிருப்பேன்லா. ரெண்டு நாளா என்னய ஏணில தொங்க விட்டியே, ஏம்ல?”

அவள் அவனுடைய கணினி முன்னால் உட்கார்ந்து, தன் பெயரில் நுழைந்து, அவன் பார்க்கும்படி திரையைத் திருப்பி வைத்து அந்த டிக்கை எடுத்தாள். திரும்பப் போட எனக்குத் தெரியும் என்றான் அவன்.

“போடு. நானும் எடுப்பேன். பெரிய பாஸ்வேர்டு எனக்கும் தெரியணும். தெரியுத வரைக்கும் ஒனக்குப் புது டிசைன் கிடையாது.”

வியாழன் காலையில் டிக் மறுபடி விழுந்திருந்தது. டிக்கை எடுக்கிறேன் என்று ஏணி உச்சியிலிருந்து வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு எடுத்தாள். வெள்ளிக்கிழமையும் அப்படியே. சனிக்கிழமை டிக் விழவில்லை. ஆனால் ராஜகுமாருக்கு வேலை தரும் செம்பூர் காண்டிராக்டர் நயினார் வந்து, புது மாதிரி எங்கே என்று கேட்டுவிட்டுப் பழைய ரோஜாக்கொத்து மாதிரியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்.

ஞாயிறு பகலில் பிரபாவதி பன்னிரண்டு பாவாடையையும் தைத்து முடித்தாள். ராஜகுமார் வாசலில் நின்றான், தடுக்கவில்லை. நூல் அறுந்தபோது வந்து மாட்டிக் கொடுத்தான்.

மறுநாள் காலை பிரேமலதா ஒரு துண்டுக் காகிதத்தோடு ஏணியேறி வந்தாள். பாஸ்வேர்டு எழுதியிருக்கிறது, கொடுக்கச் சொன்னார் என்றாள். பிரபாவதி பிரித்துப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தாள். பூட்டும்போது ஆள் அனுப்பவில்லையே, இப்போதும் அவனே வரட்டும் என்றாள்.

மத்தியானம் ராஜகுமார் வந்தான். மேலே ஏறி வராமல் ஏணியில் பாதியில் நின்றான். தலை மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். ஒன்பது எழுத்து. கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் விரல்களை விசைப்பலகைமேல் வைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“கேக்கல. சத்தமாச் சொல்லு” என்றாள்.