நாடா வெட்டிய வீடு

சிலோயே மாகாணத்தின் வாலாகக் கடலுக்குள் நீண்டிருந்த மணல்முனையில் ரோசெண்டாவின் வீடு ஒன்றுதான் மிச்சம். மற்றவர்கள் சால்மன் மீன் தொழிற்சாலைப் பக்கம் போய்விட்டார்கள். அவளிடம் பேச வானொலி மட்டும். அதுவும் மழை பெய்தால் வாயை மூடிக்கொள்ளும். மழையோ அங்கே நிற்பதே இல்லை.

இன்னொரு குளிர்காலம் தனியாக அவளால் ஆகாது. மரவீட்டையே கடலில் மிதக்கவிட்டு அக்கரைக் கிராமத்துக்குக் கொண்டுபோய்விட நினைத்து, அங்கே வாசல் வாசலாகப் போய், ஊர் கூடிக் கைகொடுக்கும் மிங்காவுக்கு அழைத்தாள். நேரில் வந்து கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். கூலி கிடையாது, வயிறாரச் சாப்பாடு. எட்டுப் படகுக்காரர்கள் வருவதாகச் சொன்னார்கள்.

செய்தி மாகாண அலுவலகத்துக்கும் எட்டியது. ‘நம் மாகாணம்: நிலம், மக்கள், பொருளாதாரம்’ என்ற புத்தகத்தில் ‘மக்கள்’ பகுதிக்குப் படம் கிடைக்காமல் தவித்த அதிகாரி தோன் எவாரிஸ்தோ, கேமராவும் ஒலிபெருக்கியும் நாடாவுமாக வந்து இறங்கினார்.

காளைகள் முன்தினமே வீட்டை நீர்விளிம்புக்கு இழுத்து வைத்திருந்தன. காலையில் தண்ணீர் ஏறி, வீடு லேசாக அசைந்தது. படகுகளில் கயிறு மாட்டினார்கள்.

“இருங்கப்பா! நாடா வெட்டாம எப்படி?” என்றார் எவாரிஸ்தோ.

பேச்சு தொடங்கியது. தீவுகளின் எண்ணிக்கை, கடற்கரையின் நீளம், உருளைக்கிழங்கு வகைகள், ஏற்றுமதி.

“தோன் எவாரிஸ்தோ, கடல் உள்வாங்குது!” என்று கத்தினான் படகோட்டி ஒனோஃப்ரே.

“கிழங்கு முடியட்டும்பா. அடுத்தது கடல்தான்.”

“உங்க காகிதத்துல இருக்கற கடலு நிக்கும். இது போய்க்கிட்டிருக்கு!”

நாடா வெட்டப்பட்டபோது வீடு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. எட்டுப் படகும் இழுத்துப் பார்த்தன. இரண்டு கயிறு அறுந்ததுதான் கண்ட பலன்.

“மறுபடி எப்ப தண்ணி இந்த அளவுக்கு ஏறும்?” என்று கேட்டாள் ரோசெண்டா.

ஒனோஃப்ரே தொப்பியைக் கழற்றினான். “ரெண்டு வாரம் ஆகும் தோன்யா ரோசெண்டா. அதுக்குள்ள நாங்க தெற்க மீன்கூண்டு வேலைக்குப் போயிடுவோம். வசந்தத்துல பாத்துக்கலாம்.”

அதற்காகச் சாப்பாடு போடாமல் இருக்க முடியுமா? குழியில் அவித்த சிப்பியையும் பன்றிக்கறியையும் எவாரிஸ்தோ இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். “எவ்வளவு ஒத்துமையான ஜனங்க! படம் பிரமாதமா வந்திருக்கு.”

காளைகள் வீட்டைப் பழையபடி மேட்டுக்கு இழுத்துவிட்டன. படகுகள் அக்கரையில் ஒவ்வொன்றாக ஒதுங்குவதை ரோசெண்டா பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டாவதும் ஒதுங்கிய பிறகு, இங்கே இனித் தேவைப்படாது என்று பிளக்காமல் போட்டிருந்த விறகை நோக்கிக் கோடாரியோடு போனாள்.