ஒரு சாண் தூரம்

மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டியில் கடைசியாக வருகிறவருக்குத்தான் பரிசு. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். போன வருடம் ஓட்டி, பத்தடியிலேயே தெருவோரச் சாக்கடைக் காணுக்குள் விழுந்தவன் நான். அதனால்தானோ என்னவோ, இந்தப் புத்தாண்டுக்கு ஓப்பநாயக்க கடைவீதிக்காரர்கள் என்னை நடுவராக்கிவிட்டார்கள். துணிக்கடையில் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பழகிய உடம்பு, வெயில் ஆகாது. முடிவுக்கோட்டை என் வீட்டுக் கேட்டுக்கு நேராக, மாமர நிழலில் சுண்ணாம்பால் போட்டுக்கொண்டேன்.

முதல் பரிசு புது சைக்கிள். அது ரிஸ்லாவுக்குக் கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நடுவனுக்கு இருக்கக்கூடாத ஆசைதான். தினமும் காலையில் இடியப்பம் அவித்து முப்பது வீடுகளுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறவள் அவள். ஓட்டுவது அண்ணன் மக்கீனின் பழைய சைக்கிள். புத்தாண்டோடு அதைத் திருப்பித் தந்துவிடச் சொல்லியிருந்தார் அவர். நடந்து போனால் பாதி வீடுகள் கைவிட்டுப் போய்விடும்.

விதி ஒன்றுதான். கோட்டைத் தாண்டும்வரை கால் தரையில் படக்கூடாது. எட்டுப் பேரில் ஆறு பேர் பாதி வழியிலேயே கால் ஊன்றினார்கள். மிஞ்சியது ரிஸ்லாவும் டயர் கடை உதயராஜும். அவன் வளைந்து நெளிந்து வந்து, தாக்குப்பிடிக்க முடியாமல் முதலில் கோட்டைத் தாண்டிவிட்டான். ரிஸ்லா ஐந்தடி பின்னால் இருந்தாள். இனி அவள் கால் ஊன்றாமல் வந்து சேர்ந்தால் போதும். நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது அவள் மணியை இரண்டு தரம் அடித்து, இடது காலைத் தரையில் ஊன்றினாள். உள்ளேயிருந்து என் மனைவி சீதாலட்சுமி தட்டோடு ஓடி வந்தாள்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"உங்க கேட்டுங்க மொதலாளி," என்றாள் ரிஸ்லா. "ரெண்டு வருஷமா தெனமும் இந்த எடத்துலதான் கால வைக்கிறேன். அது பாட்டுக்கு வச்சிருச்சு."

உதயராஜின் கையைத் தூக்கினேன். வேறு என்ன செய்ய? வெட்கமாக இருந்தது. நிழலுக்கு ஆசைப்பட்டு அவள் பிழைப்பைக் கெடுத்தவன் நான். அன்று முழுவதும் சீதாலட்சுமி என்னோடு பேசவில்லை.

மறுநாள் ரிஸ்லா கூடையோடு நடந்து வந்தாள். ஒன்பது மணிக்கும் பாதித் தெரு பசியோடு வாசலில் நின்றது. அதில் உதயராஜும் ஒருவன். மூன்றாம் நாள் அவனே புது சைக்கிளை உருட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான்.

"காலையில நீங்க ஓட்டுங்க, பின்னேரம் நான் ஓட்டிக்கிறேன். எனக்கு இடியப்பம் ஆறரைக்கு வந்துறணும்," என்றானாம்.

ஆறரைக்கே போய்விடுகிறது. அவனுக்காக ரிஸ்லா வழியையே மாற்றிக்கொண்டாள். இப்போது கடைசி வீடு எங்களுடையது. இடியப்பம் ஆறித்தான் வருகிறது. சீதாலட்சுமி தன் பங்கை மட்டும் சுடவைத்துக்கொள்கிறாள்.