தாமதமாய் விழுந்த கியர்

டிரைவர் பஞ்சநாதன் அந்தக் காரை என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தது ஐம்பத்தேழாம் வருஷம் தை மாதம். பிரெஞ்சு துரை ஒருவர் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போன அமெரிக்கக் கார் அது. துணி வியாபாரி ஜானகிராமன் வாங்கியிருந்தார். அதில் கிளட்ச் மிதி கிடையாது. லீவரை நகர்த்தினால் கியர் தானே விழும். அப்படி ஒரு வண்டியை அதற்கு முன் நான் தொட்டதே இல்லை. ஆனால் அதைச் சொல்ல எனக்கு வாய் வருமா? பலராமன் கை பட்டால் வண்டி பேசும் என்று உழவர்கரை ரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சில் எனக்குக் கொழுப்பு ஏறியிருந்தது.

"லீவரப் போட்டா வண்டி உடனே கெளம்ப மாட்டேங்குதுண்ணே. அஞ்சாறு எண்ணுற வரைக்கும் சும்மா நிக்குது. அப்பறம் மாடு முட்டுன மாதிரி ஒரே குதி" என்றான் பஞ்சநாதன். வீராம்பட்டினத்தில் வலை இழுக்கும் குடும்பம் அவனுடையது. அவன் ஒருவன்தான் காக்கிச் சட்டை போட்டுக் கார் ஓட்ட வந்தவன். அவன் மனைவி பூவாயிக்கும் அதே ஜானகிராமன் வீட்டில்தான் வேலை.

எஞ்சினை அணைக்கச் சொன்னேன். ஆயில் பார்ப்பதென்றால் எஞ்சினை நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு, குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுக்க வேண்டும். பதினைந்து வருஷமாக அப்படித்தான் பார்க்கிறேன். இதில் கியர் பெட்டிக்கென்று தனியாக ஒரு குச்சி இருந்தது. அதையும் அப்படியே பார்த்தேன். சிவப்பு எண்ணெய் மேல் கோடு வரை இருந்தது. லீவரின் கம்பிகளை ஆட்டிப் பார்த்தேன். தளர்ச்சி இல்லை. அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் என் மீசை ஒன்றும் உதிர்ந்திருக்காது.

"வண்டியில ஒண்ணும் இல்லடா. கோளாறு ஒன் கால்லதான். கிளட்ச் மிதிச்சுப் பழகின காலு இதுல தடுமாறுது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! லீவரப் போட்டுட்டு லேசா ஆக்சிலேட்டர மிதிச்சுக் குடு, புடிச்சுக்கும்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். "நீங்க சொன்னா சரிதாண்ணே" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

பதினோராம் நாள் காலையில் பூவாயி செத்துப்போனாள்.

முதலாளிக்கு வண்டி வாசலுக்கு வரத் தாமதமானால் பிடிக்காது. அதனால் அந்தப் பத்து நாளாகப் பூவாயி கேட்டைத் திறக்கப் போகும்போதே பஞ்சநாதன் லீவரைப் போட்டுவிடுவான். அவள் திறந்து ஒதுங்குவதற்கும் கியர் விழுவதற்கும் சரியாக இருக்கும். அன்று கேட்டின் கீழ்த் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது. அவள் குனிந்து அதை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னபடி அவன் லேசாக மிதித்தான். கியர் விழுந்தது. பிரேக்குக்குக் கால் போவதற்குள் வண்டி அவளைக் கேட்டோடு வைத்து நசுக்கிவிட்டது.

நான்காம் நாள் இன்ஸ்பெக்டர் ஆதிமூலம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். காரைச் சோதித்து எழுதித் தர வேண்டுமாம். ஸ்டேஷனுக்குப் பின்னால் அது நின்றது. முன்பக்கத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் சுற்றிக்கொண்டு போய் ஏறினேன். எஞ்சினைக் கிளப்பி, பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரைப் போட்டு எண்ணினேன். ஏழில் வண்டி உலுக்கிக்கொண்டு முண்டியது. லீவரைத் திருப்பிவிட்டு இறங்கினேன். இருந்த பதற்றத்தில் எஞ்சினை அணைக்க மறந்து, பானட்டைத் திறந்து கியர் பெட்டிக் குச்சியை உருவிவிட்டேன். நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

அணைத்து, ஒரு பீடி குடித்து முடிக்கும் வரை விட்டுப் பார்த்தேன். மேல் கோடு வரை எண்ணெய். மறுபடி கிளப்பிப் பார்த்தேன். காய்ந்த குச்சி. எஞ்சின் ஓடும்போது அந்தப் பெட்டி எண்ணெயை மேலே இழுத்துக்கொள்கிறது. நின்றால் எல்லாம் கீழே இறங்கி நிறைந்தாற்போல் காட்டுகிறது. இந்த ஒரு குச்சியை மட்டும் எஞ்சின் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். எண்ணெய் ஒழுகிக் குறைந்துபோனதால்தான் கியர் பிடிக்க அத்தனை நேரம் எடுத்தது. அன்று நான் இரண்டு டின் எண்ணெய் ஊற்றி, ஒழுகும் இடத்தை அடைத்திருந்தால் பூவாயி இப்போது உயிரோடு இருப்பாள்.

சொல்லாமல் போய்விடலாமா என்றும் யோசித்தேன். இனி எவன் என்னிடம் வண்டி விடுவான்? வெட்கங்கெட்ட மனது அதைத்தான் முதலில் கேட்டது. கால் மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டுப் பிறகு உள்ளே போய்ச் சொன்னேன்.

"அவனே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டான்யா" என்றார் இன்ஸ்பெக்டர். "'மெக்கானிக்கே பாத்துச் சொன்னாரு, கோளாறு என் கால்லதான்'னு, உன் பேரச் சொல்லித்தான் எழுதிக் குடுத்திருக்கான்."

"நான் பாத்ததுதான் சார் தப்பு. எழுதிக்குங்க."

அவர் எழுதி முடித்ததும் லாக்கப்புக்குப் போனேன். பஞ்சநாதன் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பாதம் வீங்கிக் கறுத்திருந்தது. நான்கு நாளாகச் சுவரில் அந்தக் காலை அடித்துக்கொண்டே இருக்கிறான் என்றான் காவலுக்கு நின்றவன்.

"பஞ்சநாதா, ஒன் கால்ல ஒண்ணும் இல்லடா. வண்டியிலதான் கோளாறு. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

திட்டுவான், முகத்தில் துப்புவான் என்று கம்பியை ஒட்டி நின்றேன். துப்பினால் துடைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவளுக்கு அந்த வண்டின்னா பயம்ணே. நான் எஞ்சின அணைச்சாத்தான் கேட்டுக்குப் பக்கத்துலயே போவா" என்றான். "ஒங்ககிட்ட வந்துட்டுப் போனப்பறம் நான்தான் சத்தம் போட்டேன். பலராமண்ணனே பாத்துட்டாரு, வண்டியில ஒண்ணும் இல்லையாம், பயப்படாம முன்னால போயித் தொறடின்னு."