வண்ணத்துப்பூச்சிச் செடியை வெட்டினவன்

சின்னையாவுக்கு வாய்தான் சனி. பிரிக்பீல்ட்ஸ் மேட்டில் ரயில்வே துரையின் பங்களா இருக்கிறதே, அங்கே தோட்டவேலை பார்த்தான். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் நாக்கு இருக்கிறதே, அது அவனைக் கேட்டுக்கொண்டா புரளும்?

அன்றைக்கு வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் தம்புசாமி வந்து, "டேய் சின்னையா, வேலியோரம் நிக்கிற வண்ணத்துப்பூச்சிச் செடியெல்லாம் முழங்கால் உசரத்துக்கு வெட்டிரு. பூத்து ஓஞ்சதை ஒட்ட வெட்டினாத்தான் புதுக்கொம்பு விட்டுப் பூ நெறையுமாம். தொரசானி உத்தரவு" என்றார்.

செடியா அது? ஆள் உயரப் புதர். உள்ளே முசுறு எறும்பும் கம்பளிப்பூச்சியும் குடித்தனம் நடத்தின. போன தடவை வெட்டிவிட்டு விடிய விடியச் சொறிந்தவன் அவன். போதாக்குறைக்கு அன்று மத்தியானம் ஆற்றோரத்தில் சேவல் சண்டை வேறு.

"அண்ணே, நான் பச்சையை வெட்டக்கூடாதுண்ணே. வீட்டுல முழுகாம இருக்கா" என்று சொல்லிவிட்டான்.

பெண்டாட்டி உண்டாகியிருக்கும்போது புருஷன் மரஞ்செடி வெட்டினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. அவர்கள் குடியிருந்த கூலி லயத்தில் யாரும் அதை மீறமாட்டார்கள். தம்புசாமி பதறிப்போய் அவன் கையிலிருந்த பாராங் கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்.

"அடப்பாவி! இத்தனை வருஷம் கழிச்சு! இதை மொதல்ல சொல்ல வேணாமாடா?"

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சின்னையா அதைப் பார்த்தான். ஆனாலும் சேவல் சண்டைக்குப் போனான். போகாமல் இருப்பானா அவன்!

சாயங்காலம் லயத்துக்குத் திரும்பினால் வீடு நிறையப் பெண்கள். நடுவில் தம்புசாமியின் மனைவி மாரியாயி, அவன் பெண்டாட்டி புஷ்பவல்லியின் கையில் கண்ணாடி வளையல் ஏற்றிக்கொண்டிருந்தாள். யாரோ மாங்காய் கொண்டுவந்திருந்தார்கள், யாரோ புளிச்சோறு.

"கள்ளி! என்கிட்டகூட மறைச்சிட்டியேடி" என்று மாரியாயி அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

புஷ்பவல்லி, பிள்ளையில்லாதவள் என்று விசேஷ வீடுகளில் தானாகவே பின்னால் போய் நின்று பழகினவள். அவள் தலைநிமிர்ந்து வாசலில் நின்ற புருஷனை ஒரே ஒரு பார்வை பார்த்தாள். எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது.

"மறைக்கலக்கா. உறுதியாகட்டும்னு இருந்தேன்" என்றாள்.

சின்னையாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. சே, ஒரு சேவலுக்காக!

கூட்டம் கலைந்ததும் அவள் காலடியில் உட்கார்ந்தான். "வல்லி, என்னைச் செருப்பால அடி. நான் சொன்னது பொய்யின்னு காலையில போய் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"சொல்லுங்க. அப்புறம் இந்த வளையலை நான் யார் முன்னால கழட்டறது? சிரிக்கிறவங்க உங்களைப் பார்த்தா சிரிப்பாங்க?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

"செடி மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுகூட வெட்டல. அப்படியே நிக்குது."

"காலையில போய் வெட்டுங்க. நாலு பேர் பார்க்க வெட்டுங்க. நாளைக்கு எனக்கு ஒண்ணுமில்லேன்னு தெரியறப்போ, நீங்க வெட்டினதாலதான் போச்சுன்னு பேசிக்கட்டும். என்னை விட்டுடுவாங்க."

மறுநாள் காலையில் சின்னையா வெட்டினான். முசுறு கழுத்தில் ஏறிக் கடித்தது. தட்டிவிடக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. தம்புசாமி தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"டேய், புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? உன் புள்ளைடா! நிறுத்துடா!"

உண்மை நுனிநாக்கு வரைக்கும் வந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சின்னையா நாக்கைக் கடித்துக்கொண்டான். கடைசிக் கொம்புவரை வெட்டினான்.

"நீயெல்லாம் மனுஷனாடா?" என்று தம்புசாமி காறித் துப்பிவிட்டுப் போனார்.

செடி தளிர்த்தது. துரைசானி சொன்னபடியே முன்னைவிட அடர்ந்து பூத்தது. அதற்குள் புஷ்பவல்லியின் வயிற்றில் ஒன்றுமில்லை என்று லயத்துக்கே தெரிந்துபோயிற்று. மாரியாயி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கோயிலில் கையைப் பிடித்து இழுத்து முன்வரிசையில் நிறுத்தினாள். சின்னையாவிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "புள்ளையை வெட்டினவன்" என்றால்தான் லயத்தில் ஆள் தெரியும்.

வளையல்களை மட்டும் புஷ்பவல்லி கழற்றவேயில்லை. அவள் சோறு போடும்போது அவை குலுங்கும். சின்னையா தட்டைவிட்டு நிமிர்ந்து பார்க்கமாட்டான்.