இருபத்திரண்டாம் வருஷத்துப் பாசி

பன்றித்தொடைக் கறியை எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்த ஒந்த்ரெய், அதை விட்டுவிட்டுப் பின்னாலிருந்த பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக்கொண்டு நின்றார். மூடியில் மனைவி ஜெல்மீராவின் கையெழுத்து: செவ்வாய், மேல் ஊற்று.

செவ்வாய்க்கிழமை காலை, மலைச்சரிவில் ஊற்று கசியும் சதுப்பிலிருந்து பாசி அள்ளி வந்தவள், "பத்து நிமிஷம் படுக்கறேன்" என்றாள். எழுந்திருக்கவில்லை. இன்று வெள்ளி. மண் போட்டுவிட்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கூடத்தில் முப்பது பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

கல்லறை வாசலில், அவளோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த தரினா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதில் பாதி அவருக்கு ஏறவில்லை. "அந்தப் பாசிக்குள்ள இருக்கற பூச்சி, நத்தையெல்லாம் உயிரோட இருக்குதுங்க சார். விட்டா ஒண்ண ஒண்ணு தின்னுடும். இன்னிக்கே பொறுக்கி ஸ்பிரிட்ல போட்டுடணும். தண்ணி கலக்காத ஸ்பிரிட். கலந்தா அழுகிப்போயிடும். இன்னிக்கு விட்டா இந்த வருஷத்துக் கணக்கு வெத்தா போயிடும்."

அவள் அளந்துவந்த இருபத்தோரு வருஷமாகக் கோடையிலும் பனியிலும் எட்டு டிகிரியிலேயே நின்ற ஊற்று, இந்த வருஷம் ஒன்பதரை. "யார் போனாங்க, யார் தங்கினாங்கன்னு இந்த டப்பாதான் சொல்லும்" என்று ஜெல்மீரா ஏதோ சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்லியிருந்தாள்.

நிலவறைக்குப் போனார். ஸ்பிரிட் கேன் காலி.

மேலே வந்தபோது மைத்துனன் சிரில் புட்டியோடு எதிரே வந்தான்.

"கேன்ல இருந்தது எங்கடா?"

"அதுவா மச்சான்? பாதிக்குப் பாதி தண்ணி விட்டு, சீரகம் போட்டு ஊத்திட்டேன். மோந்து பாத்தவுடனே தெரிஞ்சுது, சுத்தமான சரக்குன்னு. போன வருஷத்துப் பிளம்ஸ்ல காய்ச்சின சாராயம்தானே? பாதிரியார் மூணாவது ரவுண்டுல இருக்காரு."

"டேய், அது அவ நத்தை ஊறப்போட வெச்சிருந்த ஸ்பிரிட்டுடா!"

சிரில் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "இதுல நத்தை ஒண்ணும் இல்லையே."

ஒந்த்ரெய்க்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்புதானா என்று அவருக்கே தெரியவில்லை. "ஒரு சொட்டுகூட மிச்சமில்லையா?"

"இல்ல மச்சான். அக்காவுக்கு மட்டும் கலக்காம ஊத்தி வெச்சேன். அவளுக்கு எதுக்குத் தண்ணி கலந்து?"

மேசைத் தலைமாட்டில், யாரும் உட்காராத நாற்காலிக்கு முன்னால், இறந்தவளுக்கென்று வைத்த சின்னக் கிளாஸ் நிரம்பி நின்றது. அதை யாரும் தொடக் கூடாது. ஒந்த்ரெய் போய் எடுத்தார். குடிக்கப் போகிறார் என்று நினைத்துப் பாதிரியார் எழுந்து நின்றார்.

"மச்சான், அது அக்காவோடது" என்றான் சிரில் மெல்ல.

"அவளுக்குத்தாண்டா."

சமையலறையில் கறித்தட்டுகளை ஒதுக்கிவிட்டு டப்பாவைத் திறந்தார். சுண்ணாம்பு படிந்து மொரமொரத்த பாசி, ஊற்றின் குளிர். முதலில் ஒன்றும் தெரியவில்லை. எது விதை, எது மண், எது உயிர்? பிறகு ஒரு குச்சி நடந்தது. ஒரு மண்துகள் சுருண்டு நீண்டது. அவளுடைய இடுக்கியை எடுத்தார். எதை முதலில் எடுப்பாள்? ஒரு நாளும் கேட்டதில்லை.

"இது பூச்சியா, மச்சான்?" பக்கத்தில் வந்து உட்கார்ந்த சிரில் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நீட்டினான்.

"தெரியல. போட்டுடுவோம்."

எள்ளைவிடச் சின்ன நத்தை ஒன்று பாசி நுனியில் கொம்பு நீட்டியிருந்தது. இடுக்கி அருகே போனதும் உள்ளே இழுத்துக்கொண்டது. ஒந்த்ரெய் காத்திருந்தார். கூடத்தில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

கொம்பு மறுபடி வெளியே வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எடுத்துக் கிளாசில் விட்டார். ஒரே ஒரு குமிழியை மேலே அனுப்பிவிட்டு, அது அடியில் போய் உட்கார்ந்தது.