ஈரத்தில் நின்ற கோடு

என் கணவர் கல் அறுப்பவர். சமையல் மேடைக்கும் படிக்கட்டுக்கும் பலகைக் கற்களை அளவாக அறுத்துக் கொடுக்கும் பட்டறையில் பதினெட்டு வருட வேலை. கல்தூசி நுரையீரலில் படிந்து, நாற்பத்தாறு வயதில் மூச்சுக்கு ஏங்கியே போனார். அதே இயந்திரத்தின் முன் அவர் தம்பி போய் நின்றார். தண்ணீர்க் குழாய் சும்மா தொங்க, மாவு மூட்டைக்குள் விழுந்து எழுந்தவர் மாதிரி வீடு திரும்புவார்.

தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பறக்காது. இதைச் சொல்லி ஓராண்டு ஊதாத சங்கெல்லாம் ஊதினேன். நுரையீரல் படத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டினேன். அழுதேன். நான் வாசலில் தலைகாட்டினாலே, "ரேடியோ வந்தாச்சு" என்பார்களாம்.

பிறகு கொழுந்தனுக்கு இருமல் வந்தது. நுரையீரல் இன்னும் கெடவில்லை, தூசி மட்டும் இனி ஆகாது என்றார் மருத்துவர். மறுநாளும் அவர் வேலைக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். எனக்கோ தொண்டை கட்டியிருந்தது. திட்ட வழியில்லாமல் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கொழுந்தன் கல்லில் பென்சிலால் கோடு கிழித்தார். கோட்டின் மேலேயே கண்ணை வைத்து அறுத்தார்.

"தண்ணி ஏன் தம்பி விடறதில்ல?" என்றேன், கரகரத்த குரலில்.

"ஒரு வருஷமா திட்டுறீங்க அண்ணி. ஏன்னு இன்னைக்குத்தான் கேக்குறீங்க."

குழாயைத் திறந்து அறுத்துக் காட்டினார். தூசி கரைந்து பால் மாதிரி ஓடியது, பென்சில் கோடு அதோடு போயிற்று. கோடு தப்பினால் கல் வீண், முதலாளி வாயில் யார் விழுவது என்றார். என் கணவரும் இதற்காகத்தான் குழாயை மூடி வைத்தாரா? அவரிடமும் நான் கேட்டதில்லை.

அன்று மாலை, வீட்டில் கிடந்த கல் துண்டைக் குழாயடியில் வைத்துச் சோதித்தேன். தையல் சாக்பீஸ் கரைந்தது. பேனா மை வழிந்தது. மகளின் மெழுகுக் கிரையான் மட்டும் தேய்த்தும் போகவில்லை.

காலையில் சிவப்புக் கிரையானை நீட்டினேன். "ஒரே ஒரு கல்லு அறுத்துப் பாருங்க, தம்பி. அப்புறம் உங்க இஷ்டம்."

அண்ணி பாலர் பள்ளி திறந்துவிட்டார் என்று பின்னால் யாரோ சிரித்தார்கள். கொழுந்தன் கோடு கிழித்து, குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது, கோடு அசையவில்லை. கல் இரண்டாகப் பிரிந்தபோது அவர் புருவம்கூடக் கறுப்பாகவே இருந்தது. குழாயை மூடாமலே அடுத்த கல்லை இழுத்தார்.

பக்கத்து இயந்திரக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மஞ்சள் இருக்கா அண்ணி? என்னோடது கறுப்புக் கல்லு. சிவப்பு தெரியாது."