உதடு தெரிகிற வெளிச்சம்

கல்யாணப் பெண்ணுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வரவேற்புக்கு இன்னும் எட்டே நாள். வாடகை விளக்குக் கடைக்கு இது நாலாவது நடை. அவளைக் கண்டால் எழுந்து நிற்பதைக்கூடக் கடைக்காரர் விட்டுவிட்டார்.

"போன வாரம் எடுத்த பல்புக்கு என்னம்மா குறைச்சல்?"

"கண்ணு கூசுது."

"அதுவே மினுக்மினுக்னு எரியற பல்பு. அதுக்கே கூசுதுன்னா, நீங்க வெயில்ல எப்படிம்மா நடமாடறீங்க?"

கூட வந்திருந்த மாப்பிள்ளையின் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். 'பழைய காலத்து வரவேற்பு' என்ற யோசனையே அவளுடையதுதான். அழைப்பிதழ், மேசைவிரிப்பு, மாப்பிள்ளையின் கோட்டு, எல்லாமே எழுபது எண்பது வருஷத்துக்கு முந்தின தினுசு. அதற்குத் தோதாக, உள்ளே நெருப்பு இழை தெரிகிற இருநூறு பல்புகளைக் கூரையிலிருந்து தொங்கவிட ஏற்பாடு. ஆசை ஆசையாய் அலைந்து செய்கிறாள், நல்ல மனுஷி. அவளிடம் போய்ப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றுதான் பெண்ணுக்குச் சங்கடம்.

ஏனென்றால் கோளாறு இவள் கண்ணில் இல்லை. அண்ணன் காதில்.

ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் அண்ணனின் காதைக் கொண்டுபோய்விட்டது. அதிலிருந்து எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவான். சம்பந்தி வீட்டார் அவனுக்குக் காது கேட்காது என்பதையே மறந்துபோகிற அளவுக்குக் கெட்டிக்காரன். போன ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தின் ஜன்னல்களைச் சாத்தி அந்தப் பல்புகளை எரியவிட்டுப் பார்த்தார்கள். உச்சியிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் எல்லார் மூக்கும் பளபளத்தது, மூக்குக்குக் கீழே ஒரே இருட்டு. மாப்பிள்ளையின் அப்பா, "தம்பி, அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அண்ணன் பெரிதாகச் சிரித்து, "ஆமாங்க, ரொம்ப சந்தோஷம்" என்றான்.

பெரியவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். தப்பாகப் போயிற்று என்று அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் யார் எது சொன்னாலும் சிரிப்புத்தான், மண்டபத்தை விட்டுக் கிளம்புகிறவரை. அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள் கல்யாணத்தில் அவன் இப்படி ஒரு மூலையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் சிரித்துக்கொண்டிருப்பதா?

பல்பை மாற்றச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு மனுஷன் ஒரே போடாய்ப் போட்டான். "என் காதுக்காக ஒரு பல்பை மாத்தினாலும் நான் வாசல்லயே நின்னுடுவேன். யார்கிட்டயும் மூச்சு விடாதே." ரோஷத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

இன்றைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வந்ததும் அவனேதான். விளக்குகள் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று கடையை அரை இருட்டாகவே வைத்திருந்தார்கள். அவன் மறுகோடியில், இரண்டு மேசை தூரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

அவள் ஓர் அரிக்கேன் விளக்கைப் பற்றவைக்கச் சொன்னாள். அதன் பக்கத்தில் நின்று அண்ணனைப் பார்த்துச் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்: "சட்டை பட்டனைத் தப்பாப் போட்டிருக்கே."

அண்ணன் சிரித்தான். அதே சிரிப்பு. குனிந்து பட்டனைப் பார்க்கவில்லை.

கொத்து விளக்குக்குக் கீழே போய் நின்றாள். "உன் மீசை கரப்பான்பூச்சி மாதிரி இருக்கு." அதற்கும் சிரித்தான்.

"யார்கூடம்மா பேசறே?" என்றாள் மாப்பிள்ளையின் அக்கா.

"எத்தனை வேணும்னு எண்ணிப் பார்க்கறேன் அண்ணி."

"எதை எடுக்கப்போறேன்னே தெரியாம எண்ணறியா? எனக்குத் தலை சுத்துது, தாயே."

மிச்சமிருந்தது ஒரு மேசை விளக்கு. பித்தளைக் கால், உருண்டையான பால்கண்ணாடி மூடி. அதைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கால் ஓய்ந்துவிட்டது, கேலி பேசவும் தெம்பில்லை. நெஞ்சில் கிடந்தது தானாக உதட்டுக்கு வந்தது.

"அன்னிக்கு அப்பாவோட ரேடியோவை உடைச்சது நான்தான்."

அவளுக்கு எட்டு வயது, அவனுக்குப் பன்னிரண்டு. பாட்டின் அதிர்வு தெரிய ரேடியோமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதனால் அது உடைந்து கிடந்தபோது யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. அவனுக்குத்தான் இரண்டு அறை விழுந்தது. அவள் கதவுக்குப் பின்னால் வாயைத் திறக்காமல் நின்றாள். பதினேழு வருஷமாகத் திறக்கவில்லை.

இந்தத் தடவை அண்ணன் சிரிக்கவில்லை.

"தெரியும்," என்றான். தன் குரலின் அளவு அவனுக்குத் தெரியாது, கடையே திரும்பிப் பார்த்தது. "அப்பவே தெரியும். இதைச் சொல்லத்தான் நாலு தடவை கடைக்கு அலைஞ்சியா?"

அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மாப்பிள்ளையின் அக்கா அவளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடாமல் விளக்கைப் பார்த்தாள்.

அண்ணன் பக்கத்தில் வந்தான். தங்கையின் முகத்தில் நெற்றியிலிருந்து தாடைவரை சீராக விழுந்திருந்த வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கடைக்காரரிடம் சொன்னான்.

"மேசைக்கு ரெண்டு இதையே வைங்க. எனக்குக் காது கேக்காது. என் தங்கச்சி கல்யாணத்துல நாலு பேர் பேசறதை நானும் கேக்கணும்ல."